உப்புப் போடாத சந்தகை

யுவ வருஷம், புரட்டாசி கடைசிச் சனி

சிட்டான்,

விடிந்ததிலிருந்து தூறல். ரோட்டில் காரமடைக் கோயிலுக்குப் போகிற கூட்டம், கோவிந்தா போட்டபடி. நான் போகவில்லை. வருஷம் திரும்பும் வரை நமக்குக் கோயில் இல்லை.

மே.பாளையத்திலிருந்து மோட்டார் மேஸ்திரி வந்தார். உன் பெரியப்பா கூட்டி வந்தது. பருத்தி வந்தால் போட இடம் வேண்டுமாம், சாளைக் கொட்டகையைக் காலி செய்ய வேண்டுமாம். சாளையில் இருப்பது உன் டப்டப்பு மோட்டார் சைக்கிள் ஒன்றுதான்.

மேஸ்திரி மிதிகட்டையில் ஏறி நின்றார். அசையவில்லை. கல்லின் மேல் நிற்பது போல நின்றார். நட்டுகளைக் கழற்றினார். மரக்கட்டை வைத்துத் தட்டினார். சிலிண்டர் ஒரு நூல் கூட எழும்பவில்லை.

"பிஸ்டன் சிலிண்டருக்குள்ள புடிச்சுக்கிச்சுங். மூடி தனியா இருக்கற இஞ்சினா இருந்தா மேலிருந்து தட்டி எறக்கிப்போடலாம். இது மூடியும் சிலிண்டரும் ஒரே வார்ப்பு. ஒடைச்சாத்தானுங்."

நான் புரிந்துகொண்டது: பிஸ்டன் உலக்கை. சிலிண்டர் உரல். ஆனால் உரலைக் கவிழ்த்து உலக்கையின் தலையில் மாட்டிவிட்டது போல. உரலுக்கு மேலே வழி இல்லை, பிளக்கு மாட்டுகிற ஓட்டையைத் தவிர. அதில் கட்டைவிரல்தான் நுழையும்.

பெரியப்பா எல்லோர் முன்னாலும் சொன்னது:

"கையால எண்ணெய் பம்பு அடிக்க மறந்துபோட்டு ஓட்டியிருக்கறான். இஞ்சின் காஞ்சு நடுவழியில நின்னுபோச்சு. மழையில தள்ளீட்டே வந்து காச்சலை வாங்கிக்கிட்டான். வேறென்ன?"

அவர் கெட்ட மனுஷர் இல்லை. உனக்காக அவர் அழுதது போல உன் அப்பா கூட அழவில்லை. நல்லா இருந்த பிள்ளை ஏன் போனான் என்பதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டும். இது கிடைத்தது, பிடித்துக்கொண்டார்.

ஆனால் மில்லில் பிட்டர் வேலை பார்த்த பிள்ளை. எண்ணெய் மறந்தானாம்.

நான் வாயைத் திறந்தேன். "ஒடைக்க வேண்டாமுங்க."

"பொறவு என்னம்மணி, பூப் போட்டுக் கும்புடறதா?"

தீபாவளிக்கு அப்புறம் இரண்டாம் ஞாயிறு மத்தியானம் சம்மட்டியோடு வரச் சொல்லி மேஸ்திரியை அனுப்பினார்.

செவலை இன்று பால் குறைத்துக் கொடுத்தது. கன்றுக்குட்டி மண் தின்கிறது. வேப்பெண்ணெய் தடவ வேண்டும்.


திங்கள்

மழை இல்லை. வெயில் சுள்ளென்று.

நான் உன் மில் இருக்கிற சி.நல்லூர் போய் வந்தேன். தனியாக பஸ் ஏறினது இதுதான் முதல் தடவை. கோயமுத்தூரில் இறங்கி வேறு பஸ். கேட்டுக் கேட்டுத்தான் போனேன். கேட்பதில் என்ன வெட்கம்.

மில் வாசலில் காவல்காரர் தடுத்தார். "ஆரைப் பாக்கோணுமுங்?"

"வெங்கிடுசாமின்னு டர்னருங்க. நான் பழனிச்சாமியோட அம்மாங்க."

"எந்தப் பழனிச்சாமி? டப்டப்பு பழனிங்களா?" எழுந்து நின்றார், சிட்டான். ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

சாப்பாட்டு மணி அடித்ததும் ஒவ்வொருவராக வந்தார்கள். கையெல்லாம் கறுப்பு. ஒருவன் சொன்னான், "உங்க பையன் தொட்ட மெஷினு திரும்ப மக்கர் பண்ணாதுங்கம்மா." இன்னொருவன், "வாய் மட்டும் ஓயாதுங்." எல்லோரும் சிரித்தார்கள். நானும். உன்னைப் பற்றிப் பேச்சு எடுத்தால் அழாத இடம் ஒன்று இருக்கிறது என்று தெரியாமல் இத்தனை நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

உன் கூட்டாளி வெங்கிடு (இனி வெ. என்றே எழுதுகிறேன். மூணாவது வரைக்கும் படித்த கை, சீக்கிரம் வலிக்கிறது) எல்லாம் கேட்டான். சொன்னதையெல்லாம் ஒரு தடவை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தான்.

"எண்ணெய் இல்லாம காஞ்சு புடிச்சிருந்தா பிஸ்டன் பக்கவாட்டுல கோடுகோடா உரிஞ்சு கெடக்குமுங்கம்மா. தண்ணி எறங்கித் துருப்புடிச்சிருந்தா பக்கம் நல்லா இருக்கும். கழட்டிப் பாத்தா கொழந்தை கூடச் சொல்லிப்போடும்."

"ஒடைச்சுப் பாத்தா?"

"ஒடைச்சா எல்லாமே கீறிக்குமுங். எது அவன் கீறினது, எது சம்மட்டி கீறினதுன்னு ஆரு சொல்றது?"

அதுதான் எனக்கு வேண்டியது. முழுசாகக் கழற்ற வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம். மைல்கல் ஒவ்வொன்றாக ஓடியது. ஒரு தடவை என்னைப் பின்னால் உட்காரவைத்துத் தேர் பார்க்கக் கூட்டிப் போனாயே. "அம்மா, கல்லு வந்தாச் சொல்லு" என்றாய். நான் "கல்லு" என்றால் நீ இஞ்சினுக்கு எண்ணெய் ஒரு பம்பு அடிப்பாய், மைலுக்கு ஒன்று. பயத்தில் ஒரு கல்லைச் சொல்லாமல் விட்டேன். நீயே அடித்தாய். அப்புறம் எதற்கடா என்னைச் சொல்லச் சொன்னாய் என்று கேட்டேன். "உனக்குப் பயம் தெரியாம இருக்கோணுமில்ல."

இவனா மறந்தவன்.


ஐப்பசி, முதல் ஞாயிறு

மூட்டம். வெ. காலைப் பஸ்ஸில் வந்துவிட்டான். களி போட்டுக் கொடுத்தேன். நாயக்கர் வீட்டுப் பையன், வீட்டில் தெலுங்கு, வெளியில் நம்மைவிட நல்ல கொங்குப் பேச்சு. மூன்று உருண்டை தின்றான்.

பிளக்கைக் கழற்றி உள்ளே கம்பி விட்டுப் பார்த்தான். நுனி சிவப்பாக வந்தது.

"துரு இருக்குதுங். ஆனா துரு மட்டுந்தானான்னு இதுல தெரியாது."

மேலே பார்த்தான். சாளையில் ஒரு ஓடு உடைந்திருக்கிறது. நேர் கீழே வண்டி. ஒரு வருஷத்து மழை சொட்டுச் சொட்டாக. இதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. சாளைக்குள் போனால்தானே பார்க்க. உன் அப்பா இன்னும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது கூட இல்லை.

விளக்கெண்ணெயும் சீமெண்ணெயும் பாதிப் பாதி. ஓட்டை வழியாக ஊற்றி ஊறவைத்திருக்கிறது. தினம் ஊற்றுவது என் வேலை.


புதன்

மழை, இடி. சாளையின் உடைந்த ஓட்டை மாற்றிவிட்டேன். நானே ஏறி.

இதுவரை செய்து பார்த்தது:

எண்ணெய் ஊறல். தினம்.
சுடு சாம்பலைச் சாக்கில் கட்டிச் சிலிண்டரைச் சுற்றி வைத்தது.
கொதிநீர் ஊற்றினது. (வெ. சொன்னது: வெளியில் மட்டும்.)
மரச்சுத்தி, நாலு பக்கமும் மாற்றி மாற்றி.
திட்டினது. சிலிண்டரையும், உன்னையும் ஒரு தடவை.

ஒன்றும் இல்லை. ஆனால் தட்டுகிற சத்தம் மாறியிருக்கிறது. முன்னே செத்த சத்தம். இப்போது கொஞ்சம் கணீர். தேங்காய் தட்டிப் பார்த்து வாங்குகிறவளுக்கு இது தெரியாதா.

பருத்தி எடுக்க ஆள் வந்தார்கள். அவர்களில் பொன்னாயி கேட்டாள், "ஏனக்கா, சாளைக்குள்ள என்ன, கொல்லன் பட்டறை வெச்சுட்டீங்களா?"

"ஆமா. உன்ற வாய்க்கு ஒரு பூட்டுச் செய்யறேன்."

நான் அப்படிச் சொன்னதும் அவளுக்கே திகைப்பு. ஒரு வருஷமாக நான் யாருக்கும் திருப்பிச் சொன்னதில்லை.


தீபாவளி

நமக்கு இல்லை. குளிர். வெடிச் சத்தத்தில் செவலை முளையைச் சுற்றிச் சுற்றி வந்தது. கன்று மடியோடு ஒட்டிக்கொண்டது.

பொன்னாயி சேவை பிழிகிற சந்தகை அச்சு இரவல் கேட்டு வந்தாள். அவர்கள் வீட்டு அச்சில் திருகு தேய்ந்துவிட்டதாம். நம்முடையதை மேல் அட்டத்திலிருந்து எடுத்தேன். ஒரு வருஷத்துத் தூசி. மூன்று காலும் நன்றாக இருக்கிறது. தேங்காயெண்ணெய் தடவி வெறுமனே திருகிப் பார்த்தேன்.

சனிக்கிழமை வந்தால் உனக்கு இதுதான். தேங்காய்ப்பாலும் வெல்லமும். நான் மாவு வைக்க, நீ திருக. "மெல்லத் திருகுடா, அச்சு போயிரும்." "மாவுதாம்மா போகும், அச்சு போகாது."

கையில் அச்சோடு அப்படியே நின்றேன். மேலே திருகு இறங்குகிறது. மாவுக்கு ஓட வேறு வழி இல்லை. அடியில் ஓட்டை இருப்பதால் நூலாக இறங்குகிறது. ஓட்டை இல்லாவிட்டால்? மாவு எங்கே போகும்? அடித்தட்டைத் தள்ளும். தள்ளித்தான் ஆக வேண்டும்.

மேலே பிளக்கு ஓட்டை. கீழே பிஸ்டன்.

பொன்னாயி, "அக்கா, அச்சைக் கொடுக்கறீங்களா இல்லையா?"

கொடுத்தேன். வெ.க்குக் கார்டு எழுதிப் போட்டேன். எழுத்துப் பிழை நிறைய இருக்கும். அவன் புரிந்துகொள்வான்.


ஐப்பசி, அடுத்த ஞாயிறு

வானம் வெளுத்திருக்கிறது. காற்று.

வெ. கார்டைச் சட்டைப் பையில் வைத்தே வந்தான். முதலில் சிரித்தானாம். அப்புறம் பக்கத்து லேத்துக்காரரிடம் காட்டினானாம். அவர் சிரிக்கவில்லையாம். மில்லில் குழிக்குள் மாட்டின புஷ் என்கிற உலோக வளையத்தைக் கிரீஸ் அடைத்துத் தள்ளி எடுப்பது உண்டாம்.

ஒரு சாமான் செய்து கொண்டுவந்தான். பழைய பிளக்கு ஒன்றை எடுத்து, நடுவில் இருக்கிற பீங்கானை உடைத்தெடுத்து, உள்ளே மரை வெட்டி, அதில் இறங்குகிற மாதிரி நீளத் திருகாணி. சந்தகைத் திருகுக்குத் தம்பி. எண்ணெய் போட்டுத் துடைத்துக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தான். பார்க்க அவ்வளவு நறுவிசு.

சிலிண்டருக்குள் கிரீஸ் அடைத்தோம். பிளக்கை மாட்டித் திருகாணியை இறக்கினான். இறங்கியது. கடினமானது.

அப்புறம் கீழே வழவழவென்று கிரீஸ் ஒழுகியது. பிஸ்டனைச் சுற்றி இருக்கிற சந்தில் வழிந்துவிட்டது. நாம் ஊற்றின எண்ணெய்தான் வழி காட்டிக் கொடுத்திருக்கிறது.

"இன்னும் கெட்டியா வேணுமுங்கம்மா. மெழுகு கலந்து பாக்கலாம்."

"மெழுகு எதுக்கு? மாவே போடலாம்."

"எந்த மாவு?"

"சந்தகை மாவு. அவிச்சு எடுத்தா ரப்பரு மாதிரி. சந்துல ஓடாது. சூடாப் போட்டா சிலிண்டரும் சுடும்."

வெ. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

அடுத்த ஞாயிறுதான் கடைசி. அன்று மத்தியானம் மேஸ்திரி வந்துவிடுவார்.


வியாழன்

சாரல். அரிசி புடைத்து வைத்தேன். புழுங்கலரிசி, பழசு.

உன் பெரியம்மா பார்த்துவிட்டாள். முற்றத்தில் நின்று சத்தம்.

"வருசம் திரும்பல, இந்த ஊட்டு அடுப்புல சந்தகையா? பலகாரச் சட்டி வெக்கலாமா நீ? ஊரு என்ன சொல்லும்?"

"திங்கறதுக்கு இல்லீங்கக்கா. இஞ்சினுக்கு."

"இஞ்சினுக்குப் பலகாரமா? உனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா?"

அவள் சொல்வதும் நியாயம். பலகாரம் என்றால் சந்தோஷத்துக்கு. துக்க வீட்டில் மாவு வேகிற வாசனை வரக்கூடாது. நானே மற்ற வீடுகளுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன்.

கட்டிலில் படுத்திருந்த உன் அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"உப்புப் போடாதே."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"உப்புப் பட்டா இரும்பு துருப்புடிக்கும். உப்புப் போடாம அவி."

அவ்வளவுதான். திரும்பப் படுத்துவிட்டார். ஆனால் சிட்டான், வண்டியைப் பற்றி அவர் வாயைத் திறந்தது இதுதான் முதல்.

பெரியம்மா சத்தத்தைக் குறைத்தாள். "உப்புப் போடாட்டி அது பலகாரத்துல சேராது. வெளிய கல்லு கூட்டி அவி. ஊட்டு அடுப்பு வேண்டாம்." போய்விட்டாள். போனவள் அவர்கள் வீட்டு இட்டிலிப் பானையைப் பேத்தியிடம் கொடுத்தனுப்பினாள். பெரிய பானை.


ஞாயிறு

வரிசையாக எழுதிவிட வேண்டும்.

தெளிந்த வானம். முற்றத்தில் கல் கூட்டி அடுப்பு. மாவு அரைத்தது கோழி கூவும் முன். வெ. வந்ததும் முதல் ஈடு அவிந்தது.

வாசனை எழுந்தது. நான் புகைக்குத் திரும்புவது போலத் திரும்பிக்கொண்டேன்.

முதல் ஈடு வீண். வெ. மாவை விரல் விரலாக உருட்டிக் குச்சியால் அடைத்தான். ரொம்ப நிதானம். லேத்து வேலைக்காரன் நிதானம். அடைத்து முடிப்பதற்குள் மாவு ஆறிக் கட்டியாகிவிட்டது. திருகாணி பாதியில் நின்றது. கம்பியால் சுரண்டி எடுக்க ரொம்ப நேரம் ஆனது.

"சந்தகை ஆறிட்டா அந்த அச்சுலயே எறங்காது, இதுல எங்க எறங்கும்? அக்கட்டால தள்ளி நில்லு கண்ணு. மாவு என்ற வேலை. திருகறது உன்ற வேலை."

இரண்டாம் ஈடு. ஆவி பறக்க எடுத்தேன். கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உருட்டினேன், அடைத்தேன், உருட்டினேன், அடைத்தேன். விரல் நுனி கொப்புளித்தது. இப்போது பேனா பிடிக்கிற இடத்தில்தான் கொப்புளம். அடைத்து நிறைந்ததும் வெ. பிளக்கை மாட்டித் திருகினான். இறுகினது. ஸ்பானருக்கு மேல் குழாய் மாட்டி இழுத்தான்.

ஒழுகவில்லை.

நடுவில் மேஸ்திரி வந்துவிட்டார். கூடவே பெரியப்பா. சம்மட்டி சாக்கில் சுற்றி இருந்தது. முற்றத்தில் அடுப்பு, பானை, வண்டியின் வாயில் நான் மாவு ஊட்டுகிறேன். மேஸ்திரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"தொட்டுக்க என்னங், தேங்காய்ப்பாலா?"

"உங்களுக்கும் ஒரு இலை போடறனுங், குந்துங்க," என்றான் வெ. தலையைத் தூக்காமலே.

பெரியப்பா சிரிக்கவில்லை. வாசலில் நின்றுவிட்டார்.

திருகாணி முழுசாக இறங்கிவிட்டது. சிலிண்டர் எழும்பவில்லை. கழற்றி இன்னும் கொஞ்சம் சூடு மாவு அடைத்துத் திரும்ப இறக்க வேண்டும். அடைத்தேன். இந்தத் தடவை மேஸ்திரியே குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. தொழில்காரர்தானே. "இருங், வண்டியை நான் புடிச்சுக்கறேன். நீங்க இழுங்," என்றார். சம்மட்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வந்து பிடித்தார்.

வெ. இழுத்தான். குழாய் வளைந்தது.

டக்.

தேங்காய் உடைகிற சத்தம். சிலிண்டர்தான் வெடித்தது என்று நினைத்தேன். வெ. மெதுவாக அடியில் விரலை விட்டான். சிலிண்டருக்கும் அடிக்கட்டுக்கும் நடுவில். விரல் நகம் போகிற சந்து.

"எழும்பிருச்சுங்கம்மா."

அப்புறம் ஒவ்வொரு தடவை மாவு அடைக்கவும் ஒரு நெல் அளவு எழும்பியது. அடைக்க, திருக, அடைக்க, திருக. மூன்றாம் ஈடும் தீர்ந்தது. கடைசியில் மேஸ்திரியும் வெ.யும் இரண்டு பக்கமும் பிடித்து அசைத்துத் தூக்கினார்கள். வந்துவிட்டது. முழுசாக. ஒரு விரிசல் இல்லை.

பிஸ்டன் வெளிச்சத்தில் நின்றது. தலையில் வெள்ளைத் தொப்பி போல மாவு.

யாரும் தொடவில்லை. வெ. என்னைப் பார்த்தான். நான் முந்தானையால் மாவை வழித்தேன். தலை சிவந்து, பொரிந்து, துரு. ஒரு பக்கம் ஓரத்தில் தடித்த துரு, தண்ணீர் தேங்கின பக்கம். அதற்குக் கீழே பக்கவாட்டில் விரலை வைத்தேன். மெதுவாக மேலிருந்து கீழே இழுத்தேன்.

வழுவழு.

சுற்றி வந்தேன். எங்கும் ஒரு கோடு இல்லை. அடியில் இன்னும் எண்ணெய் நிற்கிறது, சிட்டான். தேன் நிறத்தில், கெட்டியாக, நாங்கள் ஊற்றினதின் சீமெண்ணெய் வாடை இல்லாமல். ஒரு வருஷமாகியும் காயாத எண்ணெய். நீ அடித்த பம்பு.

வெ. மேஸ்திரியிடம் கேட்டான். "நீங்களே சொல்லுங்."

மேஸ்திரி குனிந்து, துடைத்து, நிமிர்ந்தார். பெரியப்பா பக்கம் திரும்பினார். "எண்ணெய் நல்லா ஓடியிருக்குதுங். நீங்க நெனச்சது தப்புங். ஓடும்போது புடிக்கலை. நின்னபொறவு தண்ணி எறங்கித்தான் புடிச்சிருக்குது. ஓட்டினவன் சுத்தமான கைகாரன்."

சுத்தமான கைகாரன். இதை எழுதி வைக்கத்தான் இன்று உட்கார்ந்தேன்.

பெரியப்பா உள்ளே வந்தார். விரலை வைத்துப் பார்த்தார். விரலில் ஒட்டின எண்ணெயைப் பார்த்துக்கொண்டே நின்றார். துடைக்கவில்லை. "நான் எல்லாருகிட்டயும் சொல்லிப்போட்டனே அம்மணி," என்றார்.

"இப்ப இதையும் சொல்லுங்க."

"சொல்றேன்."

திரும்பினால் வாசலில் உன் அப்பா. எப்போது வந்தார் தெரியாது. தோளில் இருந்த துண்டை எடுத்தார். வெள்ளைத் துண்டு. உட்கார்ந்து பிஸ்டனைத் துடைக்க ஆரம்பித்தார். குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுவது போல, மடிப்பு மடிப்பாக. துண்டு பாழ். துவைக்க மாட்டேன்.

மேஸ்திரி கிளம்பும்போது, "இந்த மாவு எப்புடிங் அவிக்கறது?" என்று கேட்டார். விளையாட்டு இல்லை. நிஜமாகவே கேட்டார். சொன்னேன். புழுங்கலரிசி. உப்புக் கூடாது.


கார்த்திகை, ஞாயிறு

பனி. வெயில் ஏற நேரமானது.

வருஷத் திதி போன வாரம் முடிந்தது. படையலில் சந்தகை வைத்தேன். உப்புப் போட்டு. தேங்காய்ப்பால், வெல்லம். பெரியம்மாவே திருகினாள்.

பருத்தியைப் பெரியப்பா அவர்கள் வீட்டு உள்ளறையில் போட்டுக்கொண்டார். சாளை உன் வண்டிக்கே.

வெ. இன்று எல்லாம் மாட்டினான். சிலிண்டரை உள்ளே தேய்த்துத் துடைத்து, புது வளையம் போட்டு. நான் சீமெண்ணெயில் ஒவ்வொரு சாமானாகக் கழுவிக் கொடுத்தேன். மூலையில் ஒட்டியிருந்த கடைசி மாவு வரைக்கும். சாமான் பேர் எல்லாம் இப்போது தெரியும் எனக்கு.

"டேங்குல பெட்ரோல் இருந்துதான்னு கேட்டா சொல்ல முடியாதுங்கம்மா. ஒரு வருசத்துல எல்லாம் ஆவியாப் போச்சு. ஆனா இஞ்சின் அன்னைக்கு ஓடற நெலமையிலதான் இருந்திருக்குது." புதுசாக ஊற்றினான்.

பம்பை நான் அடித்தேன்.

உன் அப்பாவை மிதிக்கச் சொன்னான். அவர் வேஷ்டியை மடித்துக் கட்டினார். முதல் மிதி, இருமல். இரண்டாவது, புகை. அடுத்து பிடித்துக்கொண்டது. டப் டப் டப் டப். சாளை அதிர்ந்தது. ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. உன் அப்பா சிரித்தார். பல் தெரிய. பொன்னாயி காட்டிலிருந்து ஓடி வந்தாள். பெரியப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என்ற தம்பி பொண்டாட்டி கழட்டினதுங், மாவு போட்டு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். தலை நிமிர்ந்துதான் வந்தேன்.

அந்தச் சத்தத்தில் செவலை முளைக்கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இட்டேரி வழியாக, வேலிக்கும் வேலிக்கும் நடுவில், ரோட்டு முனை வரைக்கும். கன்று கத்துகிறது. நான் பின்னால் ஓடினேன். முனையில் வேலமரத்தடியில்தான் நின்றது. வியர்த்து, கண் உருண்டு.

கயிற்றைப் பிடித்தேன். அங்கேதான் ஞாபகம் வந்தது.

நீ கடைசியாக வந்ததற்கு முந்தின சனிக்கிழமை. செவலை நிறைமாசம். உன் சத்தத்தில் இதே போல அறுத்துக்கொண்டு ஓடியது. நீ பிடித்துக் கட்டிவிட்டுச் சிரித்தாய். "அம்மா, அடுத்த வாரம் உன்ற செவலைக்குப் பயந்து இட்டேரி முனையிலயே நிறுத்திப்போட்டுத் தள்ளீட்டு வாரேன்." விளையாட்டுப் பேச்சு. அப்புறம் நடந்ததில் அடியோடு மறந்துவிட்டது.

அடுத்த வாரம் தள்ளிக்கொண்டுதான் வந்தாய். நனைந்து. நான் வழியில் நின்றுபோயிற்றா என்று கேட்டேன். "பசிக்குதும்மா" என்றாய். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காய்ச்சலில் உனக்குப் பேச்சு குழறிவிட்டது.

அன்றைக்குச் செவலை மிரளவில்லை. அது மட்டும் நன்றாகத் தெரியும் எனக்கு. மூன்றாம் நாள் சுகமாக ஈன்றது.

முனையிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று இன்று பார்த்துக்கொண்டே வந்தேன். மாட்டை இழுத்துக்கொண்டு நடந்தும் மூச்சு வாங்கவில்லை. காய்ச்சல்காரன் கூட வந்துவிடலாம்.

இவ்வளவு தூரம்தான் தள்ளினாயா, சிட்டான்?